ஒரு கை தூக்கிய அண்ணி

எங்கள் தொழிற்சாலையில் என் அண்ணிக்கு இரண்டு பெயர். நேரில் 'மேடம்'. முதுகுக்குப் பின்னால் 'டிக்டிக்'. கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். நாலாவது லைனுக்கு அவர்தான் சூப்பர்வைசர். நாற்பத்திரண்டு பெண்கள், நாற்பத்திரண்டு மிஷின்கள். யாருக்குப் பின்னால் எப்போது வந்து நிற்பார் என்று சொல்ல முடியாது. ஸ்டாப்வாட்ச் பொத்தானை அமுக்கும் சத்தம் கேட்டால்தான் தெரியும். கேட்டதும் கை தானாக வேகம் பிடிக்கும். அவர் நகர்ந்ததும் தானாக இறங்கும். இது அவருக்கும் தெரியும் என்பதால் நகர்வது போலப் போக்குக் காட்டிவிட்டுத் திரும்பி வந்து நிற்பார்.

அவர் என் அண்ணனின் மனைவி. ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போகிறோம். பஸ்ஸில் என்னோடு நன்றாகப் பேசிக்கொண்டு வருவார். தொழிற்சாலை வாசலைத் தாண்டியதும் நான் யாரோ, அவர் யாரோ.

நாங்கள் தைப்பது மலையேறுகிறவர்கள் போடும் ஜாக்கெட். உள்ளே பஞ்சு, வெளியே காற்றுப் புகாத துணி, பக்கவாட்டில் இழுத்தால் நீளும் இழுவைத் துணி. கழுத்தில் தொங்கும் அட்டையில் ஒரு பனிமலைப் படமும் 'மைனஸ் இருபது வரை தாங்கும்' என்ற வாசகமும் இருக்கும். அதைத் தைக்கும் எங்களுக்கு மின்விசிறி சுற்றியும் முதுகில் வியர்வை வழியும். அளவு பார்க்க யாராவது ஒரு ஜாக்கெட்டைப் போட்டுக் காட்ட வேண்டும் என்றால் அந்த நிமிடமே பாதி லைனுக்குக் கழிவறை ஞாபகம் வந்துவிடும்.

ஒரு நாள் அப்படிப்பட்ட ஜாக்கெட் ஒன்று கடல் தாண்டித் திரும்பி வந்தது. கூடவே ஒரு கடிதம். 'உயரத்தில், கைக்குழி வழியாகக் குளிர் உள்ளே ஏறுகிறது.' மேனேஜர் உள்ளே இருந்த சின்னத் துணிப்பட்டையைப் புரட்டிப் பார்த்தார். லைன் எண் நாலு.

"காரணம் கண்டுபிடிக்கிற வரைக்கும் அடுத்த சீசன் ஆர்டர் ரெண்டாவது லைனுக்குப் போகுது. நாலாவது லைன் தலையணை உறை தைக்கட்டும்" என்றார்.

தலையணை உறை என்பது எங்கள் தொழிற்சாலையில் நாடு கடத்துவது மாதிரி. நேர்க்கோட்டில் நாலு தையல், அவ்வளவுதான். பத்து வருஷம் ஜாக்கெட் தைத்த கையைக் கொண்டுபோய் அதில் வைப்பது அவமானம். அண்ணிக்கு முகம் சிவந்துவிட்டது.

"சார், சோதனைக் கூடத்துல பாஸாகித்தானே போச்சு?"

"போச்சு. ஆனா குளிருதுன்னு எழுதியிருக்காங்களே."

"சோதனைக் கூடத்துல பொம்மைக்குத்தான் மாட்டுறாங்க. பொம்மை குளிருதுன்னு சொல்லுமா? போட்ட ஆளு ஜிப்பை ஒழுங்கா இழுத்து மூடினாரான்னு யாருக்குத் தெரியும்?"

"அப்ப நீயே மலையில போய்ப் போட்டுப் பாரேன்மா" என்று மேனேஜர் சிரித்தார். பக்கத்தில் நின்ற இரண்டாவது லைன் சூப்பர்வைசரும் சிரித்தார். சிரிக்காமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

"போறேன் சார்" என்றார் அண்ணி.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கைக்குழியில், அக்குளுக்கு நேராகக் கைத் தையலும் பக்கத் தையலும் குறுக்கே சந்திக்கிற இடத்தில் உள்பக்கமாக ஒரு சின்னப் பட்டித் துண்டு வைத்து அடிப்பது முன்பு என் வேலையாக இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் அண்ணி எனக்குப் பின்னால் நின்று ஸ்டாப்வாட்ச்சை அமுக்கினார். பதினோரு விநாடி. உள்ளே புதைந்து கிடக்கும் துண்டு, யார் கண்ணுக்கும் தெரியாது, எதற்கு இது என்று மேனேஜரிடம் பேசி அதை எடுத்தேவிட்டார். ஒரு நாளைக்கு எழுநூறு ஜாக்கெட், ஒவ்வொன்றிலும் இரண்டு கைக்குழி. தொழிற்சாலையே கைதட்டியது. அண்ணிக்குப் பரிசாக ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அது எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. என்னை நூல் வெட்ட அனுப்பினார்கள்.

அதனால் கடிதத்தைப் படித்தபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. அண்ணியிடம் சந்தேகம் கேட்டால், எத்தனை விநாடியில் கேட்டு முடிப்பாய் என்று திருப்பிக் கேட்பார். நான் தொண்டையைச் சரிசெய்யவே அரை நிமிடம் ஆகும்.

வீட்டில் அண்ணனிடம் செய்தி சொன்னபோது அவர் தட்டிலிருந்து நிமிரவில்லை. அவர் லிப்ட் மெக்கானிக்.

"எவ்ளோ உயரம்?"

"ஆறாயிரத்துச் சொச்சம் மீட்டர். இமயமலை."

"லிப்ட் இருக்கா?"

"இல்ல."

"லிப்ட் இல்லாத இடத்துக்கு மனுஷன் போவானா? அப்புறம் நாங்கல்லாம் எதுக்கு ராப்பகலா கிரீஸ் பூசிட்டுத் திரியறோம்?"

"நீங்க வர வேண்டாம். நான் போறேன்."

"நான் வரேன்னு எப்ப சொன்னேன்?" என்று சொல்லிவிட்டு அண்ணன் சாப்பாட்டைத் தொடர்ந்தார். எங்கள் வீட்டில் அனுமதி என்பது இப்படித்தான் கிடைக்கும்.

ஆட்களை மலைக்குக் கூட்டிப்போகும் நிறுவனம் ஒன்றை அண்ணியே தேடிப் பிடித்தார். அங்கே ஒரு வழிகாட்டி. அந்தச் சிகரத்துக்கு மட்டும் பன்னிரண்டு தடவை போய் வந்தவர். போனை ஒலிபெருக்கியில் போட்டு மேஜையில் வைத்துவிட்டு அண்ணி ஒரு நோட்டுடன் உட்கார்ந்தார். வழிகாட்டிக்குப் பொறுமை அதிகம். அது அவருக்குத் தேவையாகவும் இருந்தது.

"அக்கா, இதுக்கு முன்னாடி மலை ஏறியிருக்கீங்களா?"

"இல்ல தம்பி."

"பனியைப் பார்த்திருக்கீங்களா?"

"பிரிட்ஜ்ல."

"முட்டி எப்படி இருக்கு?"

"பதினெட்டு வருஷமா நின்னுக்கிட்டே வேலை பார்க்குது. இதுவரைக்கும் லீவு கேட்டதில்ல."

"சரிக்கா. அஞ்சு மாசம் இருக்கு. நான் சொல்றதைச் செய்ங்க. டாக்டர் சர்டிபிகேட் அனுப்புங்க. மாசாமாசம் உங்களைச் சோதிப்பேன். எனக்குத் திருப்தி இல்லைன்னா வர வேண்டாம்னு சொல்லிடுவேன். கோவிச்சுக்கக் கூடாது."

இன்னொருவர் தன்னைச் சோதிக்கப்போகிறார் என்பது அண்ணிக்குப் புதிது. ஆனாலும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

பயிற்சி தொழிற்சாலைப் படிக்கட்டில் நடந்தது. தையல் கூடம் தரைத்தளம், துணி வெட்டும் பிரிவு நாலாவது மாடி. மதிய இடைவேளையில் பதினைந்து கிலோ துணிச் சுருள் ஒன்றை முதுகில் கட்டிக்கொண்டு அண்ணி நாலு மாடியும் ஏறி இறங்குவார். முதுகில் சுருளோடு ஸ்டாப்வாட்ச் பார்ப்பது சிரமம் என்பதால் அதைக் கழற்றி எங்கள் லைனில் காலர் தைக்கும் பெண்ணிடம் கொடுத்தார். அவளை நாங்கள் காலர் என்றுதான் கூப்பிடுவோம். அவள் வாய் மிஷின் ஊசியைவிட வேகம். அவள் கையில் அந்த ஸ்டாப்வாட்ச்சைக் கொடுத்தது அண்ணி செய்த பெரிய தப்பு.

"மேடம், நேத்தைவிட ஒம்பது செகண்ட் லேட். நடுவுல கழிவறைக்குப் போனீங்களா?"

லைனே குனிந்துகொண்டு சிரித்தது. அண்ணி மூச்சு வாங்கிக்கொண்டே, "மூணாவது மாடியில ஆள் இறங்குனாங்க, வழி விட்டேன்" என்றார்.

"காரணம் கேக்கல மேடம். கணக்கு மட்டும் சொன்னேன்."

இரண்டுமே அண்ணியின் வசனங்கள். பதினோரு வருஷமாக எங்கள் எல்லோருக்கும் தினமும் கிடைத்தவை.

வீட்டில் பூட்ஸ் வந்து இறங்கியது. புது பூட்ஸ் காலைக் கடிக்கும், இப்போதிலிருந்தே போட்டுப் பழக வேண்டும் என்று வழிகாட்டி சொல்லியிருந்தார். அண்ணி அதைப் போட்டுக்கொண்டே சமைத்தார், துணி காயப்போட்டார், தொலைக்காட்சி பார்த்தார். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, வீட்டில் ஏதாவது இடிக்கிறீர்களா என்று கேட்டார்.

"அடுப்படியில பனி பெய்யுது சார்" என்றார் அண்ணன்.

ஐந்தாவது மாதம் வழிகாட்டி, "போதும்க்கா, நீங்க வரலாம்" என்று சொல்லிவிட்டுப் பயணத் திட்டத்தை அனுப்பினார். இருபத்தொரு நாள். நடை எத்தனை நாள், அடிவார முகாம் எங்கே, பனியில் கயிறும் பனிக்கோடாரியும் பிடித்துப் பழகுவது எந்த நாள், உச்சிக்குக் கிளம்புவது எப்போது என்று கட்டம் கட்டமாக இருந்தது. அண்ணி அதை விடுப்பு விண்ணப்பத்தோடு சேர்த்து மேனேஜரிடம் நீட்டினார். மேனேஜர் மேலிருந்து கீழே படித்தார். விரல் ஒரு இடத்தில் நின்றது. பிறகு இன்னொரு இடத்தில். பிறகு இன்னொன்றில்.

"இதென்னம்மா? ஏழாம் நாள் ஓய்வு, பத்தாம் நாள் ஓய்வு, பதிமூணாம் நாள் ஓய்வு. ஓய்வு எடுக்க அவ்ளோ தூரம் போகணுமா? அதை இங்கேயே எடுத்துக்கலாமே. பதினெட்டு நாள் தரேன். கையெழுத்துப் போடவா?"

மேனேஜர் சொன்னது அண்ணிக்கு நியாயமாகவே பட்டது. வேறு யாராவது அந்தத் தாளை அவரிடம் கொண்டுவந்திருந்தால் அவரும் அதே மூன்று கட்டங்களில்தான் விரல் வைத்திருப்பார். அன்று சாயங்காலம் பஸ்ஸிலேயே வழிகாட்டிக்குப் போன் போட்டார். நான் பக்கத்து இருக்கையில்.

"தம்பி, அந்த ஓய்வு நாள் மூணையும் எடுத்துடுங்க. எனக்கு ஓய்வெல்லாம் பழக்கமில்ல."

"எடுக்க முடியாதுக்கா."

"மூணு நாள் கூடாரத்துல சும்மா படுத்துக் கிடந்து நான் என்ன பண்ணப்போறேன்?"

"யாரு படுக்கச் சொன்னது? அன்னைக்குக் காலைல இன்னும் நானூறு மீட்டர் மேல ஏறுவோம். ஒரு மணி நேரம் அங்க இருப்போம். மறுபடி அதே கூடாரத்துக்கு இறங்கி வந்து தூங்குவோம்."

"ஏறி இறங்குறதுக்குப் பேரு ஓய்வா? யாரு வச்ச பேரு இது?"

"கூடாரத்தைப் பிரிக்கலைன்னா எங்களுக்கு அது ஓய்வுக்கா."

"ஏறுனதுக்கு அப்புறம் எதுக்கு இறங்கணும்? வேஸ்ட் இல்லையா?"

வழிகாட்டி முதல் தடவையாகக் குரலை இறுக்கினார். "மேல காத்து கம்மி. ரத்தம் அதுக்கு ஏத்த மாதிரி மாறணும். அதுக்கு நாள் ஆகும். அவசரப்பட்டா முதல்ல தலைவலி, அப்புறம் வாந்தி, அப்புறம் நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும். அவசரப்பட்ட ஒருத்தரை நான் முதுகுல கட்டித் தூக்கிட்டு இறங்கியிருக்கேன். அந்த மூணு நாள் இல்லைன்னா நீங்களும் இல்ல. போனை வைக்கறேன்க்கா."

அண்ணியிடம் யாரும் அப்படிப் போனை வைத்ததில்லை. இறங்கும் இடம் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். பதினெட்டு நாள்தான் கிடைக்கும், இருபத்தொரு நாள் வேண்டும். நடுவில் தலையணை உறை.

மறுநாள் மதியம் பழக்கதோஷத்தில் சுருளைக் கட்டிக்கொண்டு ஏறினார். இன்னொரு சுருளைக் கொண்டுவரச் சொல்லியிருந்ததால் நான் பின்னால் போனேன். கீழே இருந்து காலர் மாடிக்கு மாடி நேரம் கத்திக்கொண்டிருந்தாள். நாலாவது மாடியில், துணி வெட்டும் பிரிவின் வாசலில் அண்ணி சட்டென்று நின்றுவிட்டார்.

உள்ளே நீள மேஜைகளில் இழுவைத் துணி பிரித்துப் பரப்பிக் கிடந்தது. அது சுருளில் இறுகி வரும். பிரித்த கையோடு வெட்டக் கூடாது. ஒரு நாள் முழுக்க அப்படியே பரப்பிப் போட்டால் உள்ளே இருக்கும் இறுக்கம் போய்த் தன் அளவுக்குத் தானே வந்து நிற்கும். 'ஆற விடுவது' என்போம். ஒரு தடவை கப்பல் கிளம்பும் அவசரத்தில் மேனேஜர் ஆற விடாமலே வெட்டச் சொன்னார். மூவாயிரம் ஜாக்கெட். பெட்டி கட்டுவதற்குள் துணி சுருங்கி, எல்லாப் பக்கமும் மேலே ஏறிக்கொண்டு, பெரியவர்கள் ஜாக்கெட் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுடையது மாதிரி ஆகிவிட்டன. அன்றைக்கு மேனேஜர் தன் கையாலேயே எழுதி மாட்டிய அட்டை அந்தச் சுவரில் இன்னும் தொங்குகிறது. 'துணி ஆறாமல் கத்தி வைக்காதே.'

"மேடம், நின்னுட்டீங்க! நேரம் ஓடுது!" என்று கீழே இருந்து சத்தம் வந்தது.

"ஓடட்டும்" என்றார் அண்ணி.

அந்த அட்டையை ஆணியிலிருந்து கழற்றினார். முதுகில் சுருளோடு நேராக மேனேஜர் அறைக்குப் போனார். மேஜையில் கிடந்த பயணத் திட்டத்தில் ஓய்வு என்று இருந்த மூன்று இடத்தையும் பேனாவால் அடித்து, 'ஆற விடும் நாள்' என்று எழுதினார். அட்டையை அதன் பக்கத்தில் வைத்தார்.

"இது உங்க கையெழுத்துதானே சார்?"

மேனேஜர் அட்டையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், அண்ணியின் முதுகில் இருந்த சுருளையும் பார்த்தார். மூவாயிரம் ஜாக்கெட்டும் கண் முன்னால் வந்து நின்றிருக்க வேண்டும். அவர் வாய் ஏதோ கசந்தது மாதிரி போனது.

"ஆறாமப் போனா என்னாகும்?"

"சுருங்கிடுவேன் சார்."

மேனேஜர் கையெழுத்துப் போட்டார். இருபத்தொரு நாள். "அட்டையை மறுபடி அதே ஆணியில மாட்டிடு" என்று மட்டும் சொன்னார்.

செய்தி லைனுக்கு வந்து சேர அண்ணியைவிடக் குறைந்த நேரம்தான் எடுத்தது. அவர் உள்ளே நுழைந்ததும் காலர் மிஷினை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்ன?"

"ஆறிட்டு இருக்கேன் மேடம்."

அண்ணி அவளிடமிருந்து ஸ்டாப்வாட்ச்சை வாங்கிக்கொண்டார். "அஞ்சு நிமிஷம்" என்றார். அன்றிலிருந்து பிற்பகலில் எங்களுக்கு ஐந்து நிமிடம் கிடைக்கிறது. அதையும் ஸ்டாப்வாட்ச் வைத்துத்தான் கொடுக்கிறார்.

கிளம்புவதற்கு முதல் நாள் சாமான் கட்டியது நான்தான். வழிகாட்டி அனுப்பிய பட்டியலை அண்ணி ஒவ்வொன்றாகப் படித்தார், நான் எடுத்து வைத்தேன். கையுறை மூன்று ஜோடி, கம்பளிக் காலுறை, கறுப்புக் கண்ணாடி, தலையில் மாட்டும் விளக்கு. கடைசியாக, கடல் தாண்டித் திரும்பி வந்த அதே ஜாக்கெட். அதை மடிக்கும்போது உள்பையில் பட்டியலில் இல்லாத ஒரு சின்னப் பொட்டலத்தை வைத்தேன். பழைய பட்டித் துண்டு இரண்டு, ஊசி, நூல். வாயால் சொல்ல முடியாததை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணி கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

மலையில் நடந்தது எல்லாம் அவர் திரும்பி வந்து சொன்னது. ஏழாம் நாளே கைக்குழியில் சில்லென்று ஊசி குத்துவது மாதிரி இருந்ததாம். ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துப் பார்த்தார், உள்ளே இன்னொரு சட்டை போட்டுப் பார்த்தார். குளிர் அதே இடத்தில், இரண்டு தையல் சந்திக்கும் முடிச்சில், ஏறிக்கொண்டே இருந்தது. பதிமூன்றாம் நாள், கடைசி ஆற விடும் நாள். நானூறு மீட்டர் ஏறி இறங்கிவிட்டுக் கூடாரத்தில் உட்கார்ந்திருந்தபோது உள்பையில் கைவிட்டார். பொட்டலம் வந்தது.

"உன் தலையில ரெண்டு போடணும்னு தோணுச்சு" என்றார் என்னிடம். "இத்தனை மாசமா தெரிஞ்சே சொல்லாம இருந்திருக்கியே."

பட்டித் துண்டு இரண்டு இருந்தும் அவர் ஒன்றைத்தான் தைத்தார். இடது பக்கம் மட்டும். வலது பக்கத்தை அப்படியே விட்டுவிட்டார். கை விறைத்துப்போய் அந்த ஒன்றைத் தைக்கவே அரை மணி நேரம் ஆனதாம். வழிகாட்டி எட்டிப் பார்த்து, "இன்னொன்னையும் தெச்சுடுங்களேன்க்கா" என்று கெஞ்சியிருக்கிறார். "ரெண்டையும் தெச்சா வித்தியாசம் எப்படித் தெரியும் தம்பி?" என்று இவர் கேட்டிருக்கிறார். தோள் போனாலும் போகட்டும், சோதனை சரியாக இருக்க வேண்டும்.

திரும்பி வந்த அன்று மேனேஜர் அறையில் போட்டோவைக் காட்டினார். சிகரத்தின் உச்சி. பின்னால் வரிசையாக வெள்ளை மலைகள். கூட ஏறிய நான்கு பேரும் இரண்டு கையையும் மேலே தூக்கிக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் அண்ணி. இடது கை மட்டும் உயரே. வலது கை இறக்கை ஒடிந்த கோழி மாதிரி விலாவோடு ஒட்டிக் கிடக்கிறது.

"ஏம்மா ஒரு கை மட்டும்? வலது கையில அடியா?"

"இல்ல சார். இடது கைக்குழியில பட்டி இருக்கு, வலது கைக்குழியில இல்ல. வலது கையைத் தூக்கினா உயிர் போச்சு."

மேனேஜர் போட்டோவைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கடிதத்துக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளத்தான் கொஞ்சம் நேரம் எடுத்தார்.

"பட்டியை எடுக்கச் சொன்னது யாரு?" என்றார்.

அண்ணி கையில் ஒரு துணிப்பை வைத்திருந்தார். அதிலிருந்து எங்கள் கூடத்துச் சுவர்க் கடிகாரத்தை எடுத்து மேஜையில் வைத்தார். "நான்தான் சார். இதுக்கு ஒப்புக்கிட்டுப் பரிசு குடுத்தது நீங்க. பதினோரு செகண்டைத் திருப்பிப் போடணும்."

மேஜையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. மேனேஜர் அதன் முகத்தைத் தன் பக்கமிருந்து மெதுவாகத் திருப்பி வைத்தார். அடுத்த சீசன் ஆர்டர் எங்கள் லைனுக்கே வந்தது. தலையணை உறை இரண்டாவது லைனுக்குப் போனது. அந்த சூப்பர்வைசர் இப்போது அதிகம் சிரிப்பதில்லை.

மறுநாள் காலை அண்ணி என் கையிலிருந்த நூல் வெட்டியை வாங்கிக்கொண்டு, "உன் பழைய மிஷினுக்குப் போ" என்றார். அவ்வளவுதான். வாசலைத் தாண்டினால் நான் யாரோதானே.

உட்கார்ந்தேன். பட்டித் துண்டை வைத்து முதல் கைக்குழியை அடித்தேன். பின்னால் பொத்தான் சத்தம். இரண்டு வருஷம் நூல் வெட்டிய கை, பழைய வேகத்துக்கு வர மறுத்தது. மறுபடி சத்தம். பதினாலு விநாடியாவது ஆகியிருக்கும். இப்போது திட்டு விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

ஒன்றும் விழவில்லை. காலடிச் சத்தம் நகர்ந்து போனது. அப்பாடா என்று கையைத் தளர்த்தினேன்.

திரும்பி வந்து நின்றுகொண்டிருந்தார்.